50 டன் சிறகு

டர்ஹமிலிருந்து நியூகாசிலுக்குப் போகும் 21-ஆம் எண் பேருந்து, இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர்களின் வழியாக ஓடுகிறது. டர்ஹம் தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரயிலில் வந்து ரயிலிலேயே திரும்பிவிடுவார்கள். பேருந்தில் போனால் நேரம் அதிகம் பிடிக்கும். ஆனாலும் இந்தத் தடத்தில் உள்ள இரண்டு நிறுத்தங்களை ஒருசேரப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். முதலாவது செஸ்டர்-லி-ஸ்ட்ரீட். அங்கே ஆற்றோரப் பூங்காவில், 2006-இல், மக்கள் உள்ளே நடமாடிக்கொண்டிருந்த பெரிய கலைப்படைப்பு ஒன்று காற்றில் எழும்பியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். இரண்டாவது, அங்கிருந்து சில மைல் வடக்கே, கேட்ஸ்ஹெட் நகரின் தெற்கு ஓரத்தில் ஒரு மேட்டின்மேல் 1998 முதல் நிற்கும் ‘ஏஞ்சல் ஆஃப் த நார்த்’ சிற்பம். சுமார் 200 டன் எஃகு. ஆற்றோரப் பூங்காவைவிட அது காற்றுக்கு இன்னும் திறந்து கிடக்கும் இடம்.

இரண்டுமே கயிறு கட்டித் தள்ளி நிறுத்திப் பார்க்க வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிட்டப் போய்த் தொடவும், அடியில் நிற்கவும், உள்ளே நுழையவும் அழைத்தவை. அழைப்பை நம்பி வருகிறவர்களின் உடம்புக்கு யார் என்ன உத்தரவாதம் கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

கூட வந்தவர் திருவெறும்பூர்க்காரர். திருச்சி பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பட்டறை ஒன்றில் வெல்டிங் படித்து, வளைகுடாவில் சுமைகளைக் கட்டித் தூக்கும் ரிக்கராக இருந்து, இப்போது நியூகாசில் பக்கம் கிரேன் பணிகளுக்கு மேற்பார்வை பார்க்கிறார். பாலத்துக்கான உத்தரங்கள், கப்பல் துறையின் இயந்திரங்கள், எப்போதாவது ஒரு சிற்பம் என்று எது வந்தாலும் தூக்கி வைப்பது அவர் தொழில். அவர் கையைக் குறுக்கே நீட்டி ‘நிறுத்து’ என்றால் கிரேன் நின்றாக வேண்டும். அந்த அதிகாரம் அவருக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. என்னை அண்ணே என்பார். நான் தம்பி என்பேன்.

செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் இறங்கிக் கடைத்தெருவைத் தாண்டிக் கீழே நடந்தால் வியர் ஆறு. அக்கரை மேட்டில் லம்லி கோட்டை. இக்கரையில் டர்ஹம் கவுண்டி அணியின் கிரிக்கெட் மைதானமும், அதை ஒட்டி ஆற்றோடு நீளும் புல்வெளியும். நாங்கள் போனபோது பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள், நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே ஒரு விபத்து நடந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

மாரிஸ் ஏகிஸ் என்ற கலைஞர் 1960-களிலிருந்தே, மக்கள் உள்ளே நுழைந்து நடக்கும் கலையைச் செய்துவந்தவர். ‘ட்ரீம்ஸ்பேஸ்’ அவருடைய பிற்காலப் படைப்பு. வண்ண வண்ணமான பிவிசி தாள்களை அறை அறையாக ஒட்டி, காற்றை நிரப்பி உப்பவைத்த ஒரு பெரிய கூடம். கால்பந்து மைதானத்தில் பாதி அளவு இருக்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்ண மேலங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே அடிக்கும் வெயில் சிவப்பாகவும் நீலமாகவும் மஞ்சளாகவும் வடிகட்டி உள்ளே இறங்கும். இசை ஒலிக்கும். குழந்தைகள் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு ஓடுவார்கள். படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பார்த்த அளவிலேயே அதற்குள் போய் உட்கார வேண்டும் என்று ஆசை வருகிறது.

2006 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. கோடை வெயில். பிற்பகலில் ஒரு காற்று வீச்சு. கட்டியிருந்த பிடிகள் விட்டுப்போயின. உள்ளே ஆட்கள் இருக்கும்போதே முழுக் கூடமும் பல மீட்டர் உயரத்துக்கு எழும்பிப் புரண்டு, பூங்காவில் இருந்த கண்காணிப்பு கேமராக் கம்பம் ஒன்றில் சிக்கி நின்றது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள், அவர்களில் ஒரு 3 வயதுக் குழந்தைக்குக் கடுமையான காயம்.

வழக்கு 2009-இல் நியூகாசில் நீதிமன்றத்தில் நடந்தது. ஏகிஸ் மீதான மரணம் விளைவித்த குற்றச்சாட்டில் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 10,000 பவுண்டு அபராதம் மேல்முறையீட்டில் 2,500 ஆகக் குறைந்தது. நிகழ்ச்சியில் பங்கிருந்த உள்ளூர் மன்றமும் தண்டம் கட்டியது. அதே ஆண்டு ஏகிஸ் காலமானார்.

தம்பி புல்வெளியின் நடுவில் நின்று காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். “ஆத்து மண்ணுண்ணே. மேல புல்லு இறுக்கமாத் தெரியும். முளை அடிச்சு இழுத்துப் பாத்தாத்தான் தெரியும், எவ்வளவு தாங்கும்னு.” பிறகு காற்றின் கணக்கைச் சொன்னார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, எதிரே இருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அதே காற்று 40 ஆனால் தள்ளும் விசை 4 கிலோ ஆவதில்லை. கிட்டத்தட்ட 8 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 1,000 சதுர மீட்டர் கூரையில் அந்த 8 கிலோவில் பாதி மட்டும் மேல்நோக்கி இழுத்தால்கூட 4 டன். உப்பிய கூடம் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், அடிப்பக்கமும் காற்றுக்குக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு கயிற்றைப் பிடித்து இழுக்க எத்தனை பேர் ஓடிவந்தாலும் பயனில்லை. நம் ஊரில் கல்யாணப் பந்தலில் காற்று புகுந்தால் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி நிற்பவரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகும்.

இன்று பிரிட்டனில், திருவிழாக்களில் குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த கோட்டைகளுக்கே தெளிவான அளவுகள் இருக்கின்றன. காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் நடத்தக் கூடாது. குறைந்தது ஆறு இடங்களில் பிடி இருக்க வேண்டும். மண்ணில் அடிக்கும் இரும்பு முளை 380 மில்லிமீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளதாக, தலை மழுங்கியதாக இருக்க வேண்டும். காற்றை அளக்கும் கருவி நடத்துகிறவர் கையில் இருக்க வேண்டும். ஒன்றரைச் சாணுக்குச் சற்று மேலான இரும்புதான். அந்த நீளத்தை யாரோ உட்கார்ந்து யோசித்து, இழுத்துப் பார்த்து, எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கலைக்கூடங்களில் தொங்கும் எந்த விளக்கக் குறிப்புக்கும் குறையாத அன்பு அந்த அளவில் இருக்கிறது.

ஏகிஸை வில்லனாகப் பார்க்க என்னால் முடியவில்லை. வாழ்நாள் முழுக்க மக்களுக்கு நிறங்களுக்குள் நடக்கும் அனுபவத்தைக் கொடுக்க நினைத்தவர் அவர். ஆனால் அவர் படைப்பில் ஒரு தனிக் குணம் உண்டு: அது ஒருமுறை நிறுவிவிட்டால் முடிந்துபோகிற பொருள் அல்ல. ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு ஊரிலும் மண் வேறு, காற்று வேறு. தினம் காலையில் ஊதி எழுப்ப வேண்டும். அதாவது தினம் தினம் நிறுவுதல். நேற்று நின்றது என்பதால் இன்றும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள அதில் இடமே இல்லை.

வடக்கே போகும் அடுத்த பேருந்தில் மாடிக்கு ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தோம். பர்ட்லி வரை சாலையின் இருபுறமும் செங்கல் வீட்டு வரிசைகள். தம்பி இந்த வேலையில் சேர்ந்தபோது பயிற்சி வகுப்பில் காட்டிய விபத்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்று நானும் படித்தது. 1991 அக்டோபரில் கலைஞர்கள் கிறிஸ்டோவும் ழான்-கிளோதும் ஜப்பானின் இபராகியில் 1,340 நீலக் குடைகளையும், கலிபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளையும் ஒரே நேரத்தில் விரித்தார்கள். ஒவ்வொரு குடையும் 6 மீட்டர் உயரம், 8.66 மீட்டர் விட்டம், 200 கிலோவுக்குச் சற்று மேல். மலைச் சரிவுகளிலும் வயல்களிலும் அவை நின்ற படங்கள் இன்றும் மனதை அள்ளுகின்றன. விரித்து மூன்று வாரம் ஆவதற்குள் கலிபோர்னியாவில் டெஹோன் கணவாய்ப் பக்கம் பலத்த காற்றில் ஒரு குடை பிடுங்கிக்கொண்டு பறந்து, பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணைப் பாறையோடு நசுக்கியது. கிறிஸ்டோ இரு நாட்டிலும் எல்லாக் குடைகளையும் உடனே மடக்கச் சொன்னார். சில நாட்களில், ஜப்பானில் குடைகளை அகற்றும்போது கிரேனின் கை உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார்.

“ரெண்டாவது சாவுதாண்ணே எங்களுக்கு பாடம்,” என்றார். “ஏத்தும்போது ஊரே பாக்கும். படம் எடுப்பாங்க, இன்ஜினியர் இருப்பாரு, எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க. இறக்கும்போது யாரும் இருக்க மாட்டாங்க. வேலை முடிஞ்சுபோச்சுன்னு மனசு சொல்லிரும். கம்பி அங்கேயேதான் இருக்கும்.”

நான் இந்தப் பயணத்தில் புரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான். ஒரு பெரிய சிற்பத்தை நாம் ஒரே நிலையில், முழுமையாக நின்ற நிலையில், பார்க்கிறோம். கலைஞரும் அதைத்தான் வரைகிறார். விழாவில் திரை விலக்குகிறவரும் அதைத்தான் பார்க்கிறார். ஆனால் அந்தப் பொருளுக்குப் பல நிலைகள் உண்டு. லாரியில் படுத்திருக்கும் நிலை. கிரேனில் தொங்கும் நிலை. பாதி போல்ட் பூட்டிய நிலை. மழையும் உறைபனியும் பட்டுப் பத்து வருடம் கழிந்த நிலை. பிரித்தெடுக்கும் நிலை. ஆபத்து பெரும்பாலும் இந்த மற்ற நிலைகளில்தான் காத்திருக்கிறது. அவற்றையும் தன் படைப்பின் பகுதியாக எண்ணுகிறவர்தான் முழுக் கலைஞர் என்பது என் எண்ணம்.

மான்செஸ்டரில் இருந்த ‘பி ஆஃப் த பேங்’ இதற்கு இன்னொரு சாட்சி. தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்தது. 2002 காமன்வெல்த் விளையாட்டின் நினைவாக எழுப்பப்பட்டது. வெடித்துச் சிதறும் ஒரு கணத்தைக் காட்டும் 180 எஃகு ஈட்டிகள், 56 மீட்டர் உயரம், 30 பாகை சாய்வு. 2005 ஜனவரியில் ஓட்டப்பந்தய வீரர் லின்ஃபோர்ட் கிறிஸ்டி திறந்துவைத்தார். திறப்புக்குச் சில நாள் முன்பே ஓர் ஈட்டியின் முனை கழன்று கீழே விழுந்திருந்தது. அதே ஆண்டு இன்னொரு ஈட்டி தளர்ந்துபோய், சாலையை மூடி, அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு மேலும் சில. வேலி போட்டார்கள். இது தொடர்பான வழக்கு 17 லட்சம் பவுண்டு இழப்பீட்டுடன் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. 2009-இல் பிரித்தெடுத்தார்கள், 2012-இல் நடுப்பகுதி 17,000 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விலைபோனது. ஒருவருக்கும் உயிரிழப்பு இல்லை என்பது பெரும் ஆறுதல். ஆனால் அந்த மெலிந்த நீண்ட ஈட்டிகள் காற்றில் ஓயாமல் அதிரும் என்பதும், அதிரும் எஃகு ஒரு நாள் வெல்டிங் ஓரத்தில் களைத்துப்போகும் என்பதும் திறப்பு விழா முடிந்த பிறகு தெரிய வேண்டிய செய்தி அல்ல. எனக்கு அந்தச் சிற்பம் மிகவும் பிடிக்கும். அது இப்போது இல்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சாலை ஒரு வளைவில் திரும்பியதும் ஏஞ்சல் தெரிந்தது. தலையும் தோளும் முதலில், பிறகு சிறகுகள். இரண்டு சிறகும் சேர்ந்து 54 மீட்டர். உயரம் 20 மீட்டர். சிறகுகள் விமானத்தின் இறக்கைபோல நேராக, விறைப்பாக நிற்கின்றன. ஆனால் முன்பக்கமாக 3.5 பாகை மடங்கியிருக்கின்றன. வருகிறவர்களை அணைத்துக்கொள்வதைப்போன்ற உணர்வு வேண்டும் என்று சிற்பி ஆன்டனி கோர்ம்லி அப்படி வைத்தார். நிறுத்தத்தில் இறங்கி மேடேறும்போதே காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

பலர் சிற்பத்தின் பாதத்தோடு ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கணுக்காலில் உள்ளங்கையை வைத்தேன். கோர்-டென் என்ற வகை எஃகு. மேலே பிடிக்கும் துருவே கீழே உள்ள உலோகத்தைக் காக்கும். ஆழ்ந்த செங்காவி நிறம், சொரசொரப்பு, ஈரம். மழைத் தண்ணீர் ஓடிய தடங்கள் கீழ்நோக்கிக் கருத்திருந்தன. உடம்பின் மேலிருந்து கீழாக, வெளியே துருத்திக்கொண்டு, தடித்த விலாப்பட்டைகள் இறங்குகின்றன. கப்பலின் உள்ளே மறைந்திருக்கும் விலாக்கள் இங்கே வெளியே வந்து நிற்கின்றன. பட்டையின் தடிமன் 50 மில்லிமீட்டர் வரை; அவற்றுக்கு இடையே இருக்கும் தோல் 6 மில்லிமீட்டர்தான். தம்பி பட்டை தோலோடு சேரும் வெல்டிங்கை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். “பாருங்கண்ணே, எங்கயும் நிறுத்தி நிறுத்திப் போடல. ஒரே ஓட்டம். இது ஓரத்துல ஒரு சின்ன வெடிப்பு இருந்தாக்கூட காத்து அதைத் தேடிக் கண்டுபிடிச்சிரும்.”

அந்த விலாப்பட்டைகள் அழகுக்காக ஒட்டியவை அல்ல. சிறகில் மோதும் காற்றின் விசை முழுதும் அவை வழியாகத்தான் உடம்புக்குள் வந்து, கணுக்கால் வழியே தரைக்குள் இறங்குகிறது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் சிற்பமே இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த உடலுக்கு உயிர்கொடுக்கும் கோடுகள் அவையே. ஒவ் அருப் நிறுவனத்தின் பொறியாளர்களுடன் சேர்ந்து வேலை செய்தபோது, காற்றுக்கான விடையையே கோர்ம்லி தன் கோடாக ஆக்கிக்கொண்டார். பாதுகாப்புக்குக் கவனம் கொடுத்தால் கலை சுருங்கிவிடும் என்று பேசுகிறவர்களை இந்தக் கணுக்காலுக்கு அருகே கூட்டிவர விரும்புகிறேன்.

மணிக்கு 100 மைலுக்கு மேல், அதாவது 160 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்றைத் தாங்கும்படி இதைச் செய்தார்கள். பூங்காவில் போட்ட கணக்கை இங்கே தொடர்ந்தோம். 20 கிலோமீட்டருக்கு 2 கிலோ என்றால், எட்டு மடங்கு வேகத்துக்கு 64 மடங்கு. ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 125 கிலோ. சிறகுகளின் பரப்பு 250 சதுர மீட்டருக்கு மேல் வரும். 30 டன்னுக்கும் கூடுதலான ஒரு தள்ளு, தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில், மெலிந்த கணுக்காலின் மேல். அதனால்தான் பாதத்துக்குக் கீழே 52 போல்ட்டுகள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கின்றன. அதற்கும் கீழே கான்கிரீட் பைல்கள் 20 மீட்டர் ஆழம் போய்ப் பாறையைப் பிடித்திருக்கின்றன. இங்கே மேலே நிற்பவர் எவ்வளவு உயரமோ, கீழே வேர் அவ்வளவு ஆழம். இந்த மேடே, மூடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் குளிக்கும் கட்டடம் இருந்த இடம். அகழ்ந்த பூமி. மேல் மண்ணை நம்ப முடியாது.

நிறுவிய கதையை இந்த வட்டாரத்தில் இன்னும் பேசுகிறார்கள். தெற்கே ஹார்ட்டில்பூலில் செய்து முடித்து, உடல் 100 டன், சிறகு ஒவ்வொன்றும் 50 டன் என மூன்று துண்டுகளாக, 1998 பிப்ரவரி 14 இரவில் கிளப்பினார்கள். 28 மைல் தூரத்துக்கு ஐந்து மணி நேரம். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு விளக்குக் கம்பமும் முன்கூட்டியே பார்த்து வைக்கப்பட்டிருந்தால்தான் அந்த நீளத்துக்குச் சாலையில் போக முடியும். மறுநாள் கிரேன் வைத்து முதலில் உடலை நிறுத்தி, பிறகு சிறகுகளைப் பூட்டினார்கள்.

தம்பி சிற்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கிரேன் நின்றிருக்கக்கூடிய இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். “எல்லாரும் ரெண்டு சிறகும் மாட்டின பிறகு எப்படி நிக்கும்னுதான் கேப்பாங்க. என்னைக் கேட்டா, ஒரு சிறகு மாட்டி இன்னொண்ணு மாட்டாம இருந்த அந்த நேரத்தைச் சொல்லுங்கன்னு கேப்பேன்.” மனதில் படம் வரைந்து பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் 50 டன் தொங்குகிறது. அதன் எடைமையம் உடலின் நடுக்கோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி. மொத்த உடலையும் ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. எதிர்ச் சிறகு இன்னும் தரையில் கிடக்கிறது. அந்த நிலையில் சிற்பம் எப்படி இருக்கும் என்று யாரும் ஓவியம் வரைவதில்லை, அதற்கு அஞ்சல் அட்டையும் இல்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்கும் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்: எத்தனை போல்ட் பூட்டிய பிறகு கொக்கியை விடலாம், காற்று எவ்வளவு வந்தால் இரண்டாவது சிறகைத் தூக்காமல் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் இரவில் ஒற்றைச் சிறகோடு அது நிற்குமா.

சிறகுகூட ஒரு பாய்தான். கிரேன் தாங்கும் எடைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. காற்று பக்கவாட்டில் பிடித்தால் 50 டன் பொருளும் மெல்லச் சுழலத் தொடங்கும். அதைத் திசை மாறாமல் வைக்க இரு முனையிலும் கயிறு கட்டிக் கீழே ஆட்கள் நடப்பார்கள். அவர்கள் ஒருபோதும் சுமைக்குக் கீழே போகக் கூடாது. ‘நிறுத்து’ சைகையைத் தவிர, கிரேன் ஓட்டுகிறவருக்கு ஒரே ஒருவரின் கை சைகைதான் கணக்கு. இரண்டு பேர் கை காட்டினால் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

“காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, நிறுத்துன்னு சொல்ற ஆள் யாருன்னு எல்லாருக்கும் தெரியணும். அந்த ஆள் ஆர்ட்டிஸ்டா இருக்கக் கூடாதுண்ணே. அவரு ரெண்டு மூணு வருசமா இதையே கனவு கண்டவரு, அவருக்கு மனசு வராது. நடத்துறவங்களாவும் இருக்கக் கூடாது, அவங்களுக்கு மறுநாள் விழா இருக்கும், வர்றவங்களுக்கு ரூம் போட்டிருப்பாங்க.” இதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. நல்ல எண்ணம் உள்ளவர்கள் நிறைந்த இடத்தில்தான் இந்த ஏற்பாடு அதிகம் தேவை. நல்லவர்களுக்கு ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது கடினம்.

பிரிட்டனில் கட்டுமான வடிவமைப்பும் மேலாண்மையும் பற்றிய விதிகள் 1995-இல் நடைமுறைக்கு வந்தன. இப்போது இருப்பது 2015-ஆம் ஆண்டு வடிவம். வேலையைச் செய்யச் சொல்கிறவருக்கும் வடிவமைக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு, கீழே நின்று போல்ட் பூட்டுகிறவர் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது என்பதே அவற்றின் சாரம். தூக்கும் பணிகளுக்கு 1998-இல் தனி விதிகள் வந்தன. தகுதியுள்ள ஒருவர் திட்டமிடாமல் எதையும் தூக்கக் கூடாது.

கிளம்புவதற்கு முன் சிற்பத்தின் பின்பக்கம் சுற்றி வந்தோம். தோள்பட்டை எலும்பு இருக்கும் உயரத்தில் ஒரு நுழைவாயில் இருக்கிறது. ஏஞ்சல் உள்ளே கூடானது. ஆட்கள் அந்த வழியாக உள்ளே போய்ச் சோதிக்கலாம். வடிவமைக்கும்போதே, பத்து, இருபது, ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் விளக்கோடு உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணி ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். மான்செஸ்டர் ஈட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

1998 மே மாதம், எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியை ஒட்டி, நியூகாசில் ரசிகர்கள் சிலர் கவண் வைத்து மீன்பிடி நரம்பை எறிந்து, தங்கள் அணி வீரர் ஆலன் ஷியரரின் பெயரும் எண்ணும் போட்ட ஒரு பெரிய சட்டையை இந்தச் சிற்பத்துக்கு மாட்டிவிட்டார்கள். போலீஸ் வந்து எடுக்கும்வரை கொஞ்ச நேரம் இருந்தது. எதிர்ப்பும் முணுமுணுப்புமாக இருந்த ஊர் சிற்பத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்ட நாள் அதுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தம்பிக்கு வேறு கவலை. நரம்பு அறுந்து அவ்வளவு பெரிய துணி கீழே ஓடும் ஏ1 நெடுஞ்சாலையில் போய் விழுந்திருந்தால்? தினமும் சுமார் 90,000 பேர் இதைப் பார்த்தபடி அந்தச் சாலையில் போகிறார்கள்.

திரும்பும் பேருந்து லோ ஃபெல் கடைகளைத் தாண்டிக் கேட்ஸ்ஹெட்டை நோக்கி இறங்கும்போது மறுபடி ட்ரீம்ஸ்பேஸ் பற்றிப் பேச்சு வந்தது. இங்கேதான் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை.

“உள்ள ஆளே போகக் கூடாதுண்ணே. வெளிய நின்னு பாக்கட்டும். திறந்தவெளியில, காத்து அடைச்ச பொருளுக்குள்ள மனுசங்களை அனுப்புற பிளான் எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கூரை உள்ள மண்டபத்தில் வைக்கலாமே என்றும் சொன்னார். வெயில் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக், தம்பி என்றேன். வெளிச்சத்துக்குள் நடப்பதுதான் அந்தக் கலை. தள்ளி நின்று பார்த்தால் அது இல்லை. அப்படி ஒரு கூடம் இனி உலகில் வரவே கூடாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மண்ணைச் சோதித்து, பிடிகளைக் கணக்கிட்டு, காற்று அளக்கும் கருவியோடு ஒருவரை வாசலில் நிறுத்தி, அளவு தாண்டும் முன்பே எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டால் நடத்தலாம் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, என்னையே அந்த வாசல்ல போடுங்க. இந்த ஊர் காத்துக்கு வாரத்துல பாதி நாள் மூடித்தான் வைப்பேன். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தவங்க திட்டுவாங்க. நடத்துறவங்களுக்கு நட்டமாகும். தாங்குவாங்களா?”

“தாங்கித்தான் ஆகணும். முடியாதுன்னா இந்த ஊர்ல போடக் கூடாது.”

“அதை ஒப்பந்தத்துல எழுதிக் கொடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே, அப்புறம் பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே, கேட்ஸ்ஹெட் நிலையத்தில் இறங்குவதற்காக அவர் எழுந்தார்.